எழுத்தும் ஏற்றத்தாழ்வும் உடலில் படியும் விதத்தை அவதானிப்பது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களுக்கான வழிகாட்டி

தம்மிலும் உயர்ந்தவர் என்று கருதும் ஒருவரின் முன்னால் நிற்கும்போது மனிதரின் தோள், கை, குரல், மூச்சு எல்லாம் மாறுவதை நாம் அறிவோம். அதே மனிதர் ஒரு படிவத்தையோ அரச கடிதத்தையோ கையில் வாங்கும்போதும் ஏறத்தாழ அதே மாற்றங்கள் நிகழ்வதை மிகச் சிலரே கவனிக்கிறார்கள். எழுத்து எந்த ஏற்றத்தாழ்வுக்குள் வைத்துக் கற்பிக்கப்பட்டதோ அந்த ஏற்றத்தாழ்வையும் எழுத்தோடு சேர்த்தே உடல் கற்றுக்கொள்கிறது என்பது என் உறுதியான எண்ணம். பள்ளிக்கூடம், குர்ஆன் ஓதப் பழகும் ஓதப்பள்ளி, கோயில் ஏடு, கூத்து ஆடும் அரங்கான கூத்துக்களரி, கச்சேரி என்னும் மாவட்ட அரச அலுவலகத்தின் படிவம் என்று பல வாசல்களால் எழுத்து வந்து சேர்ந்த எங்கள் கிழக்கு மாகாணத்தில் இதை நேரடியாகப் பார்த்துப் பதிவுசெய்ய முடியும். அதற்கான வழியை ஆசிரியர்களுக்காகவும், பல்கலைக்கழக மாணவர்களுக்காகவும், சமூகப் பணியாளர்களுக்காகவும், அரங்கப் பயிற்சி நடத்துவோருக்காகவும் எழுதுகிறேன். யாருடைய மனநிலையையும் கணித்து அதற்குப் பெயர் சூட்டுவதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது.

அலுவலகத்தில் தொடங்குங்கள்

உங்கள் பிரதேச செயலகம் தொடக்கத்துக்கு ஏற்ற இடம். பொறுப்பானவரிடம் அனுமதி பெற்றுக்கொண்டு, பொதுமக்கள் காத்திருக்கும் வாங்கில் அவர்களோடு அமருங்கள். கொப்பியை வெளியே எடுக்காதீர்கள். அந்த இடத்தில் எழுதுகின்ற கை அதிகாரத்தின் கை. நீங்கள் பேனையைத் திறந்த உடனேயே அருகில் இருப்பவர் உங்களை உத்தியோகத்தராகக் கருதத் தொடங்கிவிடுவார், அதன் பின் நீங்கள் காண்பது உங்கள் பேனைக்கு அவர் காட்டும் மரியாதையை மட்டுமே. பார்த்தவற்றை வீட்டுக்கு வந்து அன்றைக்கே எழுதுங்கள்.

ஒரே ஆளை மூன்று நிலைகளில் பாருங்கள்: வாங்கில் பக்கத்திலிருப்பவரோடு கதைக்கும்போது, மேசைக்கு முன்னால் நிற்கும்போது, படலையைத் தாண்டி வெளியே வந்தபின். வாங்கில் இருந்தபடி கையை வீசி, “மறுகா (பிறகு) என்ன நடந்த தெரியுமா” என்று முழுக் கதையையும் சொன்ன ஒரு தாய், மேசைக்கு முன்னால் வந்ததும் இரு கைகளையும் முந்தானையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வதையும், அவரது பேச்சிலிருந்து அந்த ‘மறுகா’ காணாமற்போய் அரைகுறையான எழுத்துத்தமிழ் அந்த இடத்தில் வந்து உட்கார்வதையும், ஈற்றில் தம் பெயரையே கூட வந்த மகனைச் சொல்லவிடுவதையும் நீங்கள் காணக்கூடும். இவற்றைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: கை எங்கே இருந்தது, குரல் தாழ்ந்ததா உயர்ந்ததா, வாக்கியம் எவ்வளவு குறுகியது, கண் தாளைப் பார்த்ததா ஆளைப் பார்த்ததா, கதிரை இருந்தும் உட்காராமல் நின்றாரா. “பயந்தார்”, “வெட்கப்பட்டார்” என்று எழுதுவதைத் தவிருங்கள். அவை உங்கள் முடிவுகள். உடல் செய்ததை மட்டும் எழுதினால் முடிவைப் பின்னர் எடுத்துக்கொள்ளலாம்.

கைநாட்டு வைக்கும் கணத்தைக் குறிப்பாகக் கவனியுங்கள். உத்தியோகத்தர் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தித் தாளில் பதிக்கும்போது, அந்தக் கையின் உரிமையாளர் எங்கே பார்க்கிறார்? விசயதசமியன்று ஏடு தொடக்கும்போதும் பெரியவர் ஒருவர் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கிறார். இரண்டிலும் ஒருவரின் விரலை இன்னொருவர்தான் நடத்துகிறார்; ஆனால் குழந்தை மடியில் இருக்கிறது, முதியவர் மேசைக்கு வெளியே நிற்கிறார். இவ்விரண்டு பிடிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தையே நாம் ஆராய்கிறோம் என்று சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

முதியவர்களிடம் பேசும்போது வரலாற்றையும் மனதில் வைத்திருங்கள். சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கிய சட்டம் 1956இல் வந்தது. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சொன்னது 1987இல். இடைப்பட்ட காலத்தில் வளர்ந்தவர்கள் தங்களால் வாசிக்க முடியாத தாளுக்கு முன்னால் நிற்பதற்கு உடலைப் பழக்கிக்கொண்டார்கள். அம்பாறை மாவட்டம் 1961இல் தனியாக்கப்பட்ட பின், பொத்துவிலிலும் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் இருப்பவர்கள் கச்சேரி வேலைக்கு அம்பாறை நகருக்கே போக வேண்டியிருந்தது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பள்ளிக்கூடம் போய் நன்றாகத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரும் அங்கே எழுத்தறியாதவராக நின்றார்.

இந்த நிற்றல் வெறும் நாகரிக விடயம் என்று எண்ணிக் கடந்துவிட வேண்டாம். 1967இல் லண்டனில் தொடங்கிய வைட்ஹோல் ஆய்வு பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் அரச ஊழியர்களைத் தொடர்ந்து அவதானித்தது. மிகக் கீழ்ப் பதவியில் இருந்தவர்களின் இறப்பு வீதம் மிக உயர்ந்த பதவியில் இருந்தவர்களின் வீதத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. புகைத்தல், இரத்த அழுத்தம் முதலிய வழமையான காரணங்களால் அந்த இடைவெளியின் ஒரு பகுதியை மட்டுமே விளக்க முடிந்தது. பெண்களையும் சேர்த்துக்கொண்டு 1985இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு, தம் வேலையைத் தாமே தீர்மானிக்கும் உரிமை குறைந்தவர்களுக்கு இதய நோய் கூடுதலாக ஏற்படுவதைக் காட்டியது. அவர்கள் பட்டினி கிடந்தவர்கள் அல்லர், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அல்லர். எல்லோரும் நிரந்தர வேலையிலிருந்த அலுவலக ஊழியர்கள். அவர்களுக்குள்ளேயே பதவியின் படி உடலில் இவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது.

எழுத்து வந்த வாசலைக் கேட்டறியுங்கள்

அடுத்த வேலை, நீங்கள் அவதானிக்கும் ஒவ்வொருவருக்கும் எழுத்து எந்த வாசலால் வந்தது என்று கேட்டறிவது. “எத்தனையாம் வகுப்பு வரை படித்தீர்கள்?” என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்வியே கேட்பவரை மேலேயும் பதில் சொல்பவரைக் கீழேயும் வைத்துவிடும். “முதலில் உங்கள் கையைப் பிடித்து எழுதுவித்தது யார்? அப்போது நீங்கள் எங்கே, எப்படி இருந்தீர்கள்?” என்று கேளுங்கள். பெரியவர் ஒருவரிடமென்றால், ‘அப்பு’ என்றோ ‘வாப்பா’ என்றோ அந்த ஊரில் அவரை அழைக்கும் முறையிலேயே அழைத்துக் கேளுங்கள். ‘சேர்’, ‘மேடம்’ என்ற சொற்கள் மீண்டும் அலுவலகத்தையே முற்றத்துக்குக் கொண்டுவரும்.

இந்தக் கேள்வி ஏன் முக்கியமானது என்பதற்கு ஆய்வுலகில் ஒரு நீண்ட கதை உண்டு. 1931, 1932ஆம் ஆண்டுகளில் சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா உஸ்பெக்கிஸ்தானின் கிராமங்களுக்குச் சென்று எழுத்தறியாத விவசாயிகளிடம் தருக்கப் புதிர்களைக் கொடுத்தார். பனி நிறைந்த வடக்கிலுள்ள கரடிகள் எல்லாம் வெள்ளை நிறம், குறித்த ஊர் அந்த வடக்கில் இருக்கிறது, அங்குள்ள கரடி என்ன நிறம் என்று கேட்டபோது, தாம் காணாத கரடியைப் பற்றித் தம்மால் சொல்ல முடியாது என்ற வகையில் பதில்கள் வந்தன. எழுத்தும் கூட்டுப்பண்ணை வாழ்வும் சிந்தனையையே மாற்றுகின்றன என்று லூரியா முடிவுசெய்தார். லைபீரியாவின் வய் மக்களிடையே பணியாற்றிய சில்வியா ஸ்கிரிப்னரும் மைக்கல் கோலும் 1981இல் வெளியிட்ட ஆய்வு அந்த முடிவை நுட்பமாகத் திருத்தியது. வய் மக்களுக்குச் சொந்த எழுத்து உண்டு. அதை அவர்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பதில்லை, வீட்டிலும் நண்பர்களிடமும் பழகுகிறார்கள். குர்ஆன் ஓதுவதற்கு அரபு எழுத்தைக் கற்றவர்களும், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவர்களும் அவர்களிடையே இருந்தார்கள். லூரியா எழுத்துக்கு உரியதாக்கிய மாற்றங்களிற் பல பள்ளிக்கூடம் சென்றவர்களிடமே தென்பட்டன; ஓதப் படித்தவர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து மனப்பாடம் செய்யும் சோதனையில் சிறந்து நின்றார்கள். ஒவ்வொரு எழுத்தும் தான் பழக்கப்பட்ட இடத்தின் வேலையையே உடலுக்கும் மனதுக்கும் கொடுத்திருந்தது.

சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ இருக்கும் ஆசிரியர் ஒருவருக்கு இந்த ஆய்வைச் செய்து பார்க்க லைபீரியா வரை போக வேண்டியதில்லை. அவருடைய வகுப்பில் உள்ள பிள்ளை காலையில் இடமிருந்து வலமாகத் தமிழ் எழுதுகிறது, மாலையில் ஓதப்பள்ளியில் வலமிருந்து இடமாக அரபு வாசிக்கிறது. குர்ஆனைச் சரியாக உச்சரிக்கும் முறையான தஜ்வீதைப் பயிலும்போது அப்பிள்ளை எழுத்தின் பொருளுக்கு முன்னால் அது தொண்டையில், நாவில், உதட்டில் பிறக்கும் இடத்தைப் படிக்கிறது. பெரும்பாலும் உடலை அசைத்தபடியே ஓதுகிறது. அதே பிள்ளை தமிழ் வகுப்பில் அசையாமல் இருந்து ‘மனதுக்குள் வாசிக்க’ வேண்டும்.

ஒரு சிறு பயிற்சி செய்யலாம். உழவு, விதைப்பு, கதிர், வெட்டு, சூடடிப்பு ஆகிய ஐந்து நிலைகளைக் காட்டும் படங்களைத் தனித்தனி மட்டைகளில் ஒட்டி, கலைத்துக் கொடுத்து, பாயில் ஒழுங்காக அடுக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லாதீர்கள். உங்கள் கையும் எதையும் சுட்டக் கூடாது. 1991இல் பார்பரா டிவர்ஸ்கியும் அவரோடு பணியாற்றியோரும் காலத்தின் ஒழுங்கைத் தாளில் காட்டச் சொன்னபோது, ஆங்கிலம் பேசுவோர் இடமிருந்து வலமாகவும், அரபு பேசுவோர் வலமிருந்து இடமாகவும் வைக்கும் போக்கு இருந்தது. எபிரேயம் பேசுவோர் இரண்டுக்கும் இடையில் நின்றார்கள். உங்கள் பாயில் எந்தத் திசை வந்தாலும் அதைப் பிழை என்று சொல்ல வேண்டாம். வயலைப் பார்த்துக்கொள்ளும், எழுத்தே படிக்காத ஒரு முல்லைக்காரர் மட்டைகளை வட்டமாக வைத்தால், ஏன் அப்படி என்று அவரிடமே கேளுங்கள். மறு போகம் வருவதை அவர் உங்களுக்கு விளக்கலாம். இங்கே வாசிக்கத் தெரிந்தவர் கேட்பவர், தெரியாதவர் விளக்குபவர் என்று ஒழுங்கு மாறுவதையும், அப்போது அவரது குரல் எப்படி மாறுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கோயிலில் ஏடு படிப்பது வேறொரு வாசல். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக் காலத்தில் கண்ணகியின் கதையான வழக்குரை படிக்கப்படும்போதும், புராண படிப்பில் ஒருவர் செய்யுளை வாசிக்க இன்னொருவர் பயன் சொல்லும்போதும், எழுத்து ஒருவருடைய குரலால் ஊருக்குப் பொதுவாகிறது. கேட்பவருக்கு எழுத்துத் தெரியாதது அங்கே குறையாகவே தோன்றுவதில்லை. ஆனால் ஏட்டைத் தொடும் உரிமை யாருக்கு, கேட்பவர்கள் எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்ற கேள்விகள் அங்கும் உண்டு. சடங்கு நடப்பதற்கே இன்றியமையாத பறைமேளக் கலைஞர்கள் பல இடங்களில் எங்கே நிற்க வைக்கப்படுகிறார்கள் என்பதை நேர்மையாகப் பதிவுசெய்யுங்கள். அவர்களது அறிவு முழுவதும் கையிலும் காதிலும் இருக்கிறது. அதற்கு எழுத்து இல்லை என்பதைக் காரணமாக்கி அதைக் கீழே வைப்பவர்களின் வாதத்தை உங்கள் கொப்பி அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது.

களரியில் நீண்ட நேரம் இருங்கள்

இந்த ஆய்வுக்கு மட்டக்களப்பில் மிகச் செழிப்பான இடம் கூத்துக்களரிதான். வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பழக்கும் ஊர் ஒன்றைத் தேர்ந்து, கூத்து ஆசிரியரான அண்ணாவியாரிடம் முறைப்படி கேட்டு, ஆடுவோருக்குப் பாத்திரக் கொப்பி கொடுக்கும் ‘சட்டம் கொடுத்தல்’ நாளிலிருந்து அரங்கேற்றம் வரை செல்லுங்கள். அரங்கேற்ற இரவுக்கு மட்டும் போனால் உடைகளையும் ஒப்பனையையும் பார்ப்பீர்கள், உடல் கற்றுக்கொண்ட விதத்தைப் பார்க்க மாட்டீர்கள்.

சட்டம் கொடுத்தலில் எழுத்து மரியாதையோடு கைமாறுகிறது: யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தீர்மானித்து, அவருக்குரிய பாட்டுகளும் வசனங்களும் எழுதிய கொப்பி கொடுக்கப்படுகிறது. அதன் பிறகு அந்தக் கொப்பிக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். அண்ணாவியார் தாளக்கட்டை வாயால் சொல்ல, மத்தளம் அதைப் பிடிக்க, சல்லரி கூட ஒலிக்க, ஆடுபவரின் கால் அதைக் கேட்டு மிதிக்கிறது. வீசாணம், எட்டு, நாலடி, பொடியடி ஆகிய ஆட்ட முறைகளைக் கால்தான் மனனம் செய்கிறது. வாசிக்கத் தெரியாத ஒருவர் பிற்பாட்டுக்காரரின் குரலைக் கேட்டுக் கேட்டு முழுப் பாத்திரத்தையும் பாடமாக்கிவிடுவார். வாசிக்கத் தெரிந்த இளைஞர் பல நாட்கள் வரை கொப்பியையே பார்த்துக்கொண்டு தாளத்தைத் தவறவிடுவார். அந்த இளைஞர் எப்போது கொப்பியைக் கீழே வைத்தார், அன்றைக்கு அவரது கழுத்தும் மார்பும் எப்படி மாறின என்று எழுதுங்கள். என்னைப் பொறுத்தவரை முழு அவதானத்திலும் அதிகம் கற்பிக்கும் குறிப்பு அதுவாகவே இருக்கும்.

இரண்டாவதாக, ஏற்றத்தாழ்வு களரியில் தலைகீழாவதைக் கவனியுங்கள். பகலில் பெரும் நிலவுடைமையாளரான போடியாரின் வயலில் கூலிக்கு நின்றவர் இரவில் அரச வேடத்துக்குரிய கரப்புடுப்பும் முடியும் அணிந்து தருமராகவோ துரியோதனனாகவோ வருகிறார். அரசனின் வரவுக்குரிய நிமிர்வும், அடி வைக்கும் அகலமும், எதிரே நிற்பவரைப் பார்க்கும் பார்வையும் அவருக்குப் பழக்கி எடுக்கப்பட்டவை. நடப்பது, நீந்துவது, உட்காருவது போன்றவற்றைக்கூடச் சமூகமே உடலுக்குக் கற்பிக்கிறது என்று பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1934இல் ஆற்றிய உரையில் விளக்கினார். பணிவும் கம்பீரமும் அப்படிக் கற்றவையே என்பதை களரி ஒவ்வொரு பழக்க இரவிலும் காட்டுகிறது. பழக்கத்துக்குப் பிந்திய நாட்களில் அந்த மனிதர் வயலிலும் கடையிலும் எப்படி நிற்கிறார் என்று பார்த்து, அரசனின் நிமிர்வில் ஏதாவது தங்கியிருக்கிறதா, அல்லது உடுப்போடு கழன்றுவிட்டதா என்று குறித்துவையுங்கள். இரண்டும் நடக்கக்கூடும். எந்தக் குடியினருக்கு எந்தப் பாத்திரம் கிடைக்கிறது, யாருக்கு ஒருபோதும் அரசன் வேடம் கிடைப்பதில்லை என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்குப் போன கூத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கும் நகர மேடைகளுக்கும் கொண்டு சென்றபோது, விடியும்வரை நீண்ட ஆட்டம் சுருங்கியது, நாற்புறமும் பார்த்து ஆடியவர்கள் ஒரு புறம் பார்த்து ஆடத் தொடங்கினார்கள். அந்த முயற்சியால் கூத்துக்குக் கிடைத்த மதிப்பு பெரிது. அதே வேளையில் ஆடுபவரின் முதுகுக்குப் பார்வையாளர் இல்லாமற்போனார்கள். இரண்டு அரங்கிலும் ஆடிய ஒருவர் கிடைத்தால், எங்கே எந்தப் பக்கத்து உடல் விழித்திருந்தது என்று அவரிடம் கேளுங்கள்.

வீட்டுக்குள்ளும் இதே கண்ணோடு ஒரு நாள் பாருங்கள். தாய்வழியாகக் குடி தொடர்வதும், வீடு மகளுக்குச் சீதனமாகப் போவதும் நம் பகுதியின் வழக்கம் என்பதால், மனைவியின் வீட்டில் மருமகன் உட்காரும் விதம் தன் தாயின் வீட்டில் அவர் உட்காரும் விதத்திலிருந்து வேறுபடுவதை நீங்கள் காணலாம்.

உங்கள் உடலிலேயே சோதித்துப் பாருங்கள்

பிறரைப் பதிவுசெய்வதற்கு முன்னோ அதனோடு சேர்த்தோ உங்கள் உடலைச் சோதிப்பது அவசியம். உங்களுக்கு அண்மையில் வந்த காய்ச்சலையோ முதுகுவலியையோ வீட்டில் கதைப்பதுபோல நண்பர் ஒருவருக்குச் சொல்லி, ஒலிப்பதிவு செய்யுங்கள். பிறகு அதையே எழுத்துத்தமிழில் எழுதுங்கள். மூன்றாவதாக, எழுதியதை எழுந்து நின்று நான்கு பேர் முன்னிலையில் வாசியுங்கள். முதற் பேச்சில் கை எத்தனை இடங்களில் உடலைத் தொட்டது, “நெஞ்சுக்குள்ள பாரமா”, “கைகால் உளைவு” போன்றவை எழுத்தில் என்ன ஆயின என்று ஒப்பிடுங்கள். பெரும்பாலும் எழுத்தில் வலி இருக்கும், வலி இருந்த இடம் மங்கிவிடும். வாசிக்கும்போது முழங்கால் விறைப்பதையும் மூச்சு வாக்கியத்தின் முற்றுப்புள்ளிக்காகக் காத்திருப்பதையும் உணர்வீர்கள். பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தில் நின்று பேசிய உடல் அது.

எழுத்துத்தமிழை நான் குறை சொல்லவில்லை. இந்தக் கட்டுரையையே அதில்தான் எழுதுகிறேன். பிந்திக் கற்றாலும் அது உடலுக்குள் புது வழிகளைத் திறக்கிறது: பிரேசிலிலும் போர்த்துக்கலிலும் வளர்ந்தவர்களை வைத்து ஸ்டனிஸ்லாஸ் டெஹானும் பிறரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, வயது வந்தபின் எழுதப் படிக்கக் கற்றவர்களின் மூளையிலும் எழுத்துக்கு உரிய மாற்றங்கள் ஏற்படுவதைக் காட்டியது. ஐம்பது வயதில் எழுத்துப் பழக வரும் ஒரு தாயிடம் “இனி ஏன்” என்று யாராவது சொன்னால், இதை அவருக்குச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை அவசியம். போரையும் 2004 திசம்பர் 26ஆம் திகதியின் கடல்கோளையும் கடந்து வந்த உடல்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. உடலைப் பற்றிய ஒரு சாதாரணக் கேள்வி அந்த நாளைத் திறந்துவிடலாம். ஒருவரின் கை நடுங்கினாலோ பேச்சு நின்றாலோ கேள்வியை உடனே நிறுத்துங்கள், கூட இருங்கள், அவர் விரும்பினால் மட்டும் அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போக உதவுங்கள். அந்தக் கணத்தை உங்கள் ஆய்வுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

ஒழுங்கை மாற்றிப் பாருங்கள்

அவதானித்தபின் ஒன்றையாவது மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு கூட்டத்தில் கதிரையும் மேசையும் இருந்தால் எல்லோரும் ஒரே மட்டத்தில் பாயிலோ வாங்கிலோ அமரச் செய்யுங்கள். பறைமேளக் கலைஞரையோ அண்ணாவியாரையோ வளவாளராக அழைத்தால், அவர் பேசி முடிக்கும் வரை அறிக்கைத் தாள் எதையும் பகிராதீர்கள்; தாள் கைக்கு வந்ததும் அவையின் கண்கள் அவரை விட்டுத் தாளுக்குப் போய்விடும். கிளினிக் கொப்பியோடு காத்திருக்கும் நோயாளருக்கு உதவுகிறீர்கள் என்றால், உள்ளே போவதற்கு முன் அவர் சொல்ல வேண்டியதை அவருடைய பேச்சிலேயே ஒரு தடவை உங்களுக்குச் சொல்லவிடுங்கள். உடலுக்கு ஒருமுறை ஒத்திகை கிடைத்தால், டொக்டரின் முன்னாலும் முக்கியமான ஒரு வாக்கியமாவது வெளியே வரும்.

யாருக்காகவும் படிவமோ கடிதமோ நிரப்பினால், எழுதியதை அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், அதுவும் அவருக்கு விளங்கும் வேகத்தில். “இது சரியா?” என்று கேட்டால் “ஓம்” என்றுதான் பதில் வரும். “இதில் எதை மாற்ற வேணும்?” என்று கேளுங்கள். முதல் திருத்தம் வரும்வரை பொறுத்திருங்கள். திருத்தம் சொல்லும்போது பலர் தாளை விரலால் தொடுவார்கள், அதையும் எழுதிவையுங்கள்.

பதிவு முடிந்ததும் ஒரு பிரதியை அந்த ஊருக்கே கொடுங்கள். வாசிக்காதவர்களுக்கு ஒலிப்பதிவாகக் கொடுங்கள். மாற்றம் செய்த இடத்துக்குச் சில வாரங்கள் கழித்து மீண்டும் சென்று, முதல் நாளில் எழுதிய அதே குறிப்புகளின்படி கை, குரல், வாக்கியம், கண் ஆகியவற்றைப் பாருங்கள். வேறுபாடு தென்படாவிட்டால், இருக்கை, பேசும் வரிசை, தாள் கொடுக்கும் நேரம் ஆகியவற்றில் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, மீண்டும் அவதானியுங்கள்.